ஏகாம்பரத்தின் வலது கை

போல்ட்டை முறுக்கும்போது அளவு வைத்த ஸ்பேனரில் ‘டக்’கென்று சத்தம் வந்ததும் நிறுத்திவிடுகிறீர்கள். அதுதான் சரி. அந்தச் சத்தத்தை நம்புங்கள், அதற்குமேல் உங்கள் கையை நம்பாதீர்கள் என்று நான் வகுப்பில் சொன்னால் சிலர் சிரிக்கிறீர்கள். கையை நம்பாதவன் என்ன மெக்கானிக் என்று போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில காலம் ஆகியிருந்தது. நகரி யாருக்கு, திருத்தணி யாருக்கு, சத்தியவேடு யாருக்கு என்ற சண்டை ஓயவில்லை. இரண்டு பக்கத்துக்காரர்களும் கார் கூரையில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வெயிலில், ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி ஊர்ந்தால் என்ன ஆகும்? ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது, தண்ணீர் கொதிக்கும், ஹெட் சூட்டில் வளையும், அதன் அடியில் இருக்கிற கேஸ்கெட் தகடு போய்விடும். மேடையில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டவர்களின் வண்டிகள் சித்தூரில் எங்கள் ஷெட்டில் பக்கத்துப் பக்கத்தில் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றன.

ஷெட் கேசவுலு நாயுடுவுடையது. நானும் ஏகாம்பரமும் அங்கே ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் சித்தூர்க்காரன், சர்ச் தெருவில் வீடு. அவன் நகரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பம். மனைவி கன்னியம்மாவும் ஒரு சின்னப் பெண்ணும் ஊரில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை ஒரு தூக்கு நிறையக் கன்னியம்மா கொடுத்தனுப்பிய புளிக்குழம்போடு வருவான். எனக்கும் சேர்த்துத்தான் அந்தத் தூக்கு.

ஹெட் என்பது எஞ்சினுக்கு மூடி. அதை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி ஓரத்துக்குப் போய் இறுக்க வேண்டும், ஒரே மூச்சில் இறுக்காமல் சுற்றுச் சுற்றாக ஏற்ற வேண்டும். இதெல்லாம் உங்கள் பாடத்திலேயே வந்துவிட்டது. எங்கே நிறுத்துவது என்பதுதான் அன்று கேள்வி. குறைந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். கூடினால் போல்ட் நீண்டு ஒருநாள் அறுந்துபோகும். ஏகாம்பரத்துக்கு அந்த இடம் தெரியும். எஞ்சினை யார் பிரித்தாலும், யார் சுத்தம் செய்தாலும், கடைசிச் சுற்றை இழுக்க நாயுடு அவனைத்தான் கூப்பிடுவார். அவன் இறுக்கிய ஹெட் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு திரும்பி வர ஆரம்பித்தது.

முதலில் ஒரு போல்ட் அவன் கையிலேயே முறிந்தது. “இரும்பு சரியில்ல” என்றான். அப்போது வந்த இரும்பும் அப்படித்தான் இருந்தது, எல்லோரும் நம்பினோம். அடுத்து ஒரு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், எஞ்சின் புகை வெளியேறுகிற குழாயில், போல்ட் ஏறும் காது விரிசல் விட்டது. மேனிஃபோல்ட் சூட்டில் நீளக்கூடியது. அதற்கு நகரக் கொஞ்சம் இடம் விடாமல் நெரித்தால் வெடித்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தவன் அவன். அன்று நாயுடு அவனைத் திட்டவில்லை. “ஏமய்யா, கவனம் எங்க இருக்குது?” என்று மட்டும் கேட்டார். ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு மேனிஃபோல்டைத் தேடப் போனான்.

திருப்பதியில் நாயுடுவின் மைத்துனருக்கு ஒரு சின்ன ஷெட் இருந்தது. மலையில் விசேஷம் என்றால் எங்கள் இருவரையும் அங்கே அனுப்புவார்கள். அப்படிப் போயிருந்த ஒரு காலைப்பொழுதில் மலையிலிருந்து இறங்கிவந்த பஸ் டிரைவர் ஷெட்டில் நிறுத்தி, “உங்க வக்கீல் வண்டி பாதி மலையில நிக்குது. ஒரே ஆவி” என்று சொன்னார்.

சித்தூரில் பெரிய வக்கீல் அவர். எல்லைப் போராட்டத்தில் தமிழர் பக்கம் மேடையேறிப் பேசுகிறவர். ஏகாம்பரம்தான் அவர் காரின் ஹெட்டை அந்த மாதம் இறுக்கியிருந்தான். அடுத்து மலை ஏறிய பஸ்ஸில் கருவிப் பையோடு போனோம். வக்கீல், அவர் மனைவி, மகள், பேரக் குழந்தைகள் எல்லோரும் சுவரோரம் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்புதான் அவர்களுடைய கார் டிரைவர் மறுபடி எஞ்சினை ஓட்டிப் பார்த்து நிறுத்தியிருந்தார். பானெட்டைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது.

“சும்மா ஒரு இழு இழுத்து வுடுங்கப்பா. சாமி பாக்க வந்தவங்க ரோட்டுல நிக்கறோம்” என்றார் வக்கீல்.

“சூட்டுல ஹெட்ட தொடக் கூடாதுங்க. ஆறணும்” என்றேன்.

அதற்குள் ஏகாம்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேனிஃபோல்டின் கீழ் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று ஸ்பேனரை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சாமேலு, இன்னாமோ கருகுது பாரு. ஓஸ் பைப்பான்னு பாரு” என்றான்.

எனக்கும் வாடை வந்தது. குழாயைத் தொட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஒயர்களைப் பார்த்தேன். பிறகு அவன் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவனுடைய வலது கையின் வெளிப்பக்கம், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை, எக்ஸாஸ்ட் குழாய்மேல் அழுந்தியிருந்தது. அங்கேதான் புகை.

அவன் தோளைப் பிடித்து இழுத்தேன். கை வெளியே வந்தது. தோல் குழாயோடு போய்விட்டிருந்தது. ஏகாம்பரம் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். கத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. பின்னால் நின்ற வக்கீலுக்கும் புரிந்தது. அவர் மெதுவாகப் போய்ப் பேரக் குழந்தைகளைச் சுவரோரம் இன்னும் தள்ளி உட்காரவைத்தார்.

கையில் துண்டைச் சுற்றி அவனைப் பாறை நிழலில் உட்காரவைத்தேன். இப்போது வண்டிக்கு நான்தான் பொறுப்பு. எஞ்சின் கையால் தொடுகிற அளவுக்கு ஆறும்வரை தொடவில்லை. வக்கீலின் மனைவி முணுமுணுத்தார். நான் காது கேளாதவன்போல இருந்தேன். ஆறியபிறகு ஒவ்வொரு போல்ட்டாகப் பிடித்துப் பார்த்தேன். சில விரலுக்கே அசைந்தன. சில அறுந்துபோகிற நிலையில் நெரிந்திருந்தன. எல்லாவற்றையும் கொஞ்சம் தளர்த்தி, நடுவிலிருந்து தொடங்கினேன். பாறையடியிலிருந்து ஏகாம்பரம், “மெல்ல. இன்னும் கொஞ்சம். போதும் வுட்டுடு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஸ்பேனர் முனகுகிற சத்தத்தைக் கேட்டே சொன்னான். ஒரு வருஷமாக அவன் அப்படித்தான் வேலை செய்திருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது.

“மேல போலாமில்ல?” என்று கேட்டார் வக்கீல்.

“வேணாங்க. ஏத்தத்துல திரும்பக் கொதிக்கும். வண்டிய கீழ எறக்கறேன். நீங்க பஸ்ல போய்ட்டு வாங்க.”

கோபப்பட்டார். ஆனாலும் கேட்டார். வண்டியை இறக்கிக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கையில் ஏகாம்பரம், கையை மடியில் வைத்துக்கொண்டு. அடிவாரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பேசினான்.

“போன வருசமே ரெண்டு வெரலு மரத்துப் போச்சு. அப்புறம் கையே தெரியல. முதுகுல ஒரு தேமல் இருக்குது, அதுவும் தெரியல. எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆச்சு. ஊருக்கு வெளிய கொட்டாய் போட்டுக் குடுத்தாங்க. சாமேலு, யாருகிட்டயும் சொல்லிடாத.”

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவன் என் சிநேகிதன். ஆனால் அவன் இறுக்கிய வண்டிகளில் ஆட்கள் ஏறி மலைக்குப் போகிறார்கள். வழியிலேயே சொன்னேன்: “நாயுடுகிட்ட நீ சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். ஆனா அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரும் போறோம்.” அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்படியே, “சரி” என்றான்.

வேலூர்ப் பக்கம் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அழைத்துப்போனேன். அங்கிருந்த டாக்டரம்மா அவனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு விரல் விரலாக ஊசி முனையால் தொட்டார். “தொட்டா சொல்லுங்க” என்றார். அவன் காத்துக்கொண்டே இருந்தான். அவர் முடித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தபிறகும் காத்திருந்தான். மாத்திரை இருக்கிறது, நோய் நின்றுவிடும், விடாமல் சாப்பிட்டால் பிறருக்கும் பரவாது, ஆனால் போன உணர்ச்சி திரும்ப வருவது சிரமம் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்.

“ஸ்பேனர் புடிக்கலாமா?” இதுதான் ஏகாம்பரம் கேட்ட ஒரே கேள்வி.

“பிடிக்கலாம். துணி சுத்திக்குங்க. சூடான எதையும் கண்ணால பாத்துட்டுத் தொடுங்க.”

நாயுடுவிடம் அவனே சொன்னான். நான் வாசலில் நின்றேன். நாயுடு முழுவதையும் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “மெட்ராசுல முள்ளு வச்ச ஸ்பேனர் விக்கறாங்களாமே, அத வரவழை” என்றார். நீளமான கைப்பிடி, அடியில் ஒரு தகடு, தகட்டில் கோடுகள். இழுக்க இழுக்க ஒரு முள் கோட்டுக்குக் கோடு நகரும். உங்களுடைய ஸ்பேனருக்கு அது தாத்தா. சித்தூரில் அதற்குமுன் அதை நான் பார்த்ததில்லை. ஏகாம்பரம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தை முள்ளுக்கு நேராக வைத்துக்கொண்டு இழுத்தான். கைக்குத் தெரியாததைக் கண் பார்த்துக்கொண்டது. போல்ட் முறியவில்லை, ஹெட் திரும்பி வரவில்லை. கொஞ்ச காலம் அவன் பழையபடி சிரித்தான். எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன்.

எஞ்சின் மட்டும்தான் சரியானது. ஷெட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் யாரோ அவனுக்கென்று ஒரு தனிக் குவளை வைத்தார்கள். அவன் அதையே எடுத்துக் குடித்தான். பிறகு ஒருநாள் வக்கீல் வந்தார். காரிலிருந்து இறங்காமல் நாயுடுவைக் கூப்பிட்டார்.

“அந்த ஆளு என் வண்டிய தொடக் கூடாது நாயுடு. பெருவியாதி. நான் கண்ணால பாத்தேன்.”

“மருந்து துன்றான்யா. ஒட்டாதுன்னு டாக்டரம்மா செப்பினாங்க.”

“அதெல்லாம் உங்களுக்கு. என் பேரப்புள்ளைங்க ஏர்ற வண்டி இது.”

“எத்தன வருசம் ஏகாம்பரம் கையால ஓடின வண்டி இது! வாடு இங்கதான் இருப்பான்” என்று நாயுடு சொல்லிவிட்டார். வக்கீல் போய்விட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். முந்தின வாரம்தான் கடைத்தெருவில் நம்முடைய மக்கள், நம்முடைய மக்கள் என்று அவர் பேசியதை நின்று கேட்டிருந்தேன். அவர் பொல்லாதவர் என்று சொல்லமாட்டேன். பயந்துபோனவர். ஆனால் பயந்தவன் செய்ததும் செய்ததுதான்.

அவர் பேசியபோது ஏகாம்பரம் பக்கத்து வண்டியின் பானெட்டுக்குள் குனிந்திருந்தான். எல்லாம் கேட்டிருக்கும். அந்த வண்டியின் ஹெட்டைக் கடைசிப் போல்ட் வரை முடித்தான். முள் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். மறுநாள் வரவில்லை. ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான் என்று எனக்கு மட்டும் ஓர் ஆள் வந்து சொன்னான். கன்னியம்மாவுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் பெண்ணை ஊரில் யாரும் கட்டமாட்டார்கள் என்றும் சொல்லியனுப்பியிருந்தான். பெங்களூரில் லாரி ஷெட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டதாக அவளுக்குச் சொல்லப்பட்டது.

எல்லைத் தகராறு ஒருவழியாக முடிந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. ஒலிபெருக்கி வண்டிகள் வருவது குறைந்தது. அப்படி ஒருநாள் ஷெட்டில் வேலை மந்தமாக இருந்த நேரத்தில் கன்னியம்மா பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“பெங்களூருக்கு ஆள் அனுப்பிக் கேட்டுட்டேன் அண்ணா. அங்க இல்ல. அவரு எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியும். தெரியாதுன்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

அவன் சொல்லியனுப்பியது ஒரு பக்கம், எதிரில் இவள். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நேரம் கடத்தினேன். இவள் கேட்பது இவளுக்கு உரியது என்று பட்டது. ஆஸ்பத்திரி, நோய், கை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அழுதுமுடித்துவிட்டு, “பொண்ணுக்கு ஒட்டியிருக்குமா?” என்று கேட்டாள். டாக்டரம்மாவிடமே காட்டிவிடலாம் என்றேன். மறுநாள் மூவரும் பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா குழந்தையை உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். கன்னியம்மா அவர் காலில் விழப் போனாள். பிறகு ஆஸ்பத்திரி வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் போனோம். ஏகாம்பரம் ஒரு வேனின் முன்னால் நின்று, பக்கத்து ஆளுக்கு எந்த போல்ட்டை அடுத்து இறுக்குவது என்று சொல்லிக்கொண்டிருந்தான். மலையில் சுட்ட புண் ஆறாமல் சுண்டுவிரலை எடுத்துவிட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கன்னியம்மா பக்கம்தான் அது இருந்தது என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

“இட்டுக்கினு போயிடு சாமேலு. புள்ளைய இட்டுக்கினு போயிடு” என்று சுவரைப் பார்த்தே சொன்னான்.

கன்னியம்மா நேரே போய், முதுகுக்குப் பின்னாலிருந்த அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான். “அவ கிட்ட வர வேணாம். அங்கயே நிக்கச் சொல்லு. தூரத்திலேர்ந்து பாத்துட்டுப் போவட்டும்.” அவள் கை பிடித்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை. யாரும் பதில் சொல்லாததால் அவனாகத் திரும்பிப் பார்த்தான். பார்த்தபிறகுதான் தெரிந்தது.

நோய் குணமாகிவிட்டது என்று பிற்பாடு எழுதிக்கொடுத்தார்கள். அண்ணன் தம்பிகள் வீட்டுக்குள் விடவில்லை. கன்னியம்மா வயலில் வேலை செய்து பெண்ணை வளர்த்தாள், முடிந்தபோதெல்லாம் பஸ் ஏறி அவனைப் பார்த்துவந்தாள். அந்தக் கொட்டகையிலேயே அவன் காலம் முடிந்தது. அடக்கத்துக்கு நானும் நாயுடுவும் போயிருந்தோம்.

ஒரு நல்ல வேலைக்காரன் செய்த வேலை திடீரென்று கெட ஆரம்பித்தால் இரும்பைக் குறை சொல்லி அடுத்த போல்ட்டை எடுத்துக்கொடுக்காதீர்கள். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் மறுநாளும் கேளுங்கள். சீக்கிரம் கேட்டால் மாத்திரை கையைக்கூடக் காப்பாற்றும் என்று டாக்டரம்மா சொன்னார்.

முதல்முறை அவனைப் பார்த்துவிட்டுச் சித்தூருக்குத் திரும்பிய பஸ்ஸில் கன்னியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பெண் அவள் மடியில் தூங்கிவிட்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“அடுப்புலேர்ந்து எறக்குன சோத்த ஆறவுடாம கையால பிசைவாரு அண்ணா. ஆவி பறந்துக்கினு இருக்கும். மனுசன் பசியோட வந்திருக்காருன்னு நெனச்சிக்கினு, நான் இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கினு இருந்தேன்.”